முதுகு வளைந்தால் எந்தப் படம்? டெக்ஸா, சி.டி., எம்.ஆர்.ஐ. ஓர் ஒப்பீடு

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பை கட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்குவார்கள். முதுகுத் தசைக்கு இதைவிடக் கடும் வேலை கிடையாது. ஆனாலும் உழைத்த முதுகு என்பதற்காக எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) ஒதுங்கிப் போய்விடுவதில்லை. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி யாருக்கும் வேகமாகவே இறங்குகிறது. கரையில் யாருக்காவது கூன் விழுந்தால், ‘வயதானால் விழாமல் என்ன செய்யும்?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது எலும்பு அமுங்கியதாலா, எலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசை தளர்ந்ததாலா என்று கேட்பவர் குறைவு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

முதுகெலும்பை ஒட்டி இரு புறமும் ஓடும் மல்டிஃபிடஸ், எரெக்டர் ஸ்பைனே தசைகளில் கொழுப்பு ஏறியவர்களிடம் எலும்பின் அடர்த்தியும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் படங்களில் கண்டிருக்கின்றன. தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு உறுதியாகிறது. எலும்பு அமுங்கி வலித்தால் ஆள் அசையாமல் கிடக்க, தசை கரைகிறது. ஒரே நாளில் எடுத்த படத்தை வைத்து எது முந்தியது என்று சொல்ல முடியாது.

முதலில் டெக்ஸா, அதாவது மெல்லிய எக்ஸ்ரே கொண்டு எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனை. எலும்புப்புரையை உறுதிசெய்ய இதுதான் அளவுகோல். டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கதிர்வீச்சு மிகக் குறைவு, சில மைக்ரோசீவெர்ட்தான். ஆனால் முதுகுத் தசையின் தரத்தைப் பற்றி வழக்கமான டெக்ஸா வாயே திறக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு: வயதானவரின் முதுகெலும்பில் வளர்ந்த எலும்பு முனைகளையும் ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பையும் அது எலும்புக் கணக்கிலேயே சேர்த்துவிடும். நொறுங்கி அமுங்கிய முள்ளெலும்புகூட அடர்த்தி மிக்கதாகத் தெரியும். அதனால் இடுப்பு மூட்டின் எண்ணையும் பார்க்காமல் நிம்மதி அடையக் கூடாது.

என் ஓட்டு சி.டி.க்கு; புதிதாக எடுப்பதற்கு அல்ல, ஏற்கெனவே எடுத்ததற்கு. கீழக்கரையிலோ தொண்டியிலோ கல்லடைப்புக்கு வயிற்று சி.டி. எடுத்தவர் வீட்டு பீரோவில் அந்தப் படம் சும்மா கிடக்கும். ‘கல் இல்லை’ என்ற வரியோடு அறிக்கை முடிந்திருக்கும். அதே படத்தில் முதல் இடுப்பு முள்ளெலும்பின் உட்பகுதியில் ஒரு வட்டம் போட்டால் சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் எண் கிடைக்கும். 160க்கு மேல் என்றால் எலும்புப்புரைக்கு வாய்ப்புக் குறைவு. 110க்குக் கீழே என்றால் பலத்த சந்தேகம். சாயம் ஏற்றி எடுத்த படத்தில் எண் சற்றுக் கூடும், இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறும் என்பதால் இதை ஓர் எச்சரிக்கையாக மட்டும் கொள்ள வேண்டும். அதே குறுக்குவெட்டில் எலும்புக்குப் பின்னால் இரண்டு தசைத் திட்டுகள் தெரியும். நல்ல தசை ஒரே சீரான சாம்பல் நிறம். கெட்டுப்போனது இழை பிரிந்த பனையோலைப் பாய்போலக் கறுப்புக் கோடுகள் ஓடிக் கிடக்கும்; அந்தக் கறுப்பு கொழுப்பு. எலும்பு, தசை இரண்டுக்கும் ஒரே படத்தில் பதில். ஆனால் கதிர்வீச்சு டெக்ஸாவைவிடப் பல நூறு மடங்கு என்பதால், இதற்கென்றே சி.டி. எடுப்பது அநியாயம்.

எம்.ஆர்.ஐ. தசைக்கு ராஜா. கதிர்வீச்சு கிடையாது, கொழுப்பின் விகிதத்தையே அளந்து சொல்லும் முறைகளும் இருக்கின்றன. அமுங்கிய எலும்பு புதிதாக அமுங்கியதா, பழையதா என்று எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோப்பை வைத்துக் காட்டிவிடும். ஆனால் எலும்புப்புரைக்கு மருந்து தொடங்க அதன் எண் போதாது. காலில் மரத்துப்போதல், திடீர்க் குத்துவலி, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாமல் இதற்குப் பணம் கட்டுவது வீண்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயை யாரும் மதிப்பதில்லை. எலும்பின் அடர்த்தி கணிசமாகக் குறைந்த பிறகே அதில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உயரம் குறைந்தவருக்கு, கூன் விழுந்தவருக்கு, அமுங்கிய எலும்பை மலிவாகக் காட்டுவது அதுவே.

ஆக, என் வரிசை: எக்ஸ்ரே, பீரோவில் கிடக்கும் சி.டி., பிறகு டெக்ஸா. டெக்ஸாவுக்காக மதுரை வரை போக நேர்ந்தால் பழைய சி.டி.யின் குறுந்தகட்டையும் எடுத்துப் போங்கள். அச்சிட்ட ஃபிலிமில் எண்ணை அளக்க முடியாது.

தசைக்கு மட்டும் இயந்திரமே வேண்டாத ஒரு சோதனை உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைவு என்று தசை இழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது. இது காலையும் சேர்த்தே சோதிக்கிறது, முதுகைத் தனியாகக் காட்டாது. ஆனாலும் தேறாதவர் முதுகுத் தசைப் பயிற்சியை டெக்ஸா முடிவுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த மெஹர்ஷீத் சினாகி குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகள் முதுகை வலுப்படுத்திய பெண்களுக்கு, பயிற்சியை நிறுத்தி எட்டு ஆண்டுகள் ஆன பிறகும் முள்ளெலும்பு முறிவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் செய்தது குப்புறப் படுத்து முதுகை உயர்த்தும் பயிற்சி. குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி, எலும்பு ஏற்கெனவே அமுங்கியவருக்கு ஆகவே ஆகாது.