கொட்டாஞ்சேனையில் 540 சதுர அடி: ஒன்பது வருடம் இருந்துவிட்டு விற்கிறோம்

2016 தை மாதம் கொழும்பு 13இல் இந்தத் தொடர்மாடி வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு குளியலறை, ஓர் ஆள் நின்று சமைக்கக்கூடிய குசினி, துணி காயப்போட ஒரு பல்கனி. வாகனம் நிறுத்த இடமில்லை. இப்போது விற்கப் போகிறோம். பார்க்க வருகிறவர்கள் டைல்ஸையும் அலுமாரியையும் பற்றியே கேட்கிறார்கள். கேட்கவேண்டியது வேறு.

முதலில் அளவு. எங்களுக்கு விற்றவர்கள் தந்த தாளில் 590 சதுர அடி என்று இருந்தது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம். உள்ளே 540தான். மிச்சத்தைச் சுவரின் தடிப்பும் பல்கனியும் விழுங்கியிருந்தன. தாளில் இருப்பதை விட்டுவிட்டு, வீட்டின் உறுதிப் பத்திரத்தோடு இருக்கும் நிலஅளவைப் படத்தில் என்ன எண் என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

வீடு வாங்கியது அம்மாவின் பிடிவாதத்தில். 2007 யூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் விடியமுன் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பியபோது மாமாவும் அதில் ஒருவர். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கதைதான்: "கோழிக்கூடு எண்டாலும் எங்கட பேரில உறுதி இருக்கவேணும்."

சுற்றுவட்டாரத்தில் எனக்குக் குறையே இல்லை. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்தே போகலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திரும்பக் கட்டிய கோயில். பங்குனி வெயிலிலும் உள்ளே கால் வைத்தால் கல் குளிரும். இன்னொரு பக்கம் சென் லூசியாஸ் பேராலயம். கொஞ்சம் தள்ளி, மேட்டில், ஒல்லாந்தர் காலத்து வுல்வெண்டால் தேவாலயம், 1757இல் திறந்தது. விடியற்காலையில் மணி கேட்டால் அது எந்த மணி என்று அம்மா படுக்கையில் இருந்தபடியே சொல்லுவா. டிசம்பர் 31 நள்ளிரவில் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதும். முதல் வருடம் பயந்துவிட்டோம்.

அந்தத் துறைமுகக் காற்றுக்கு ஒரு விலை உண்டு. உப்பு. பல்கனிக் கிறில்லை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்கவேண்டும். ஒரு வருடம் விட்டுப் பார்த்தோம். மூலையில் கம்பி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஏசியின் வெளிப்பெட்டி ஆறாம் வருடம் போய்விட்டது.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்தக் கட்டிடத்தில் கீழே ஒரு தாங்கி, மொட்டைமாடியில் ஒரு தாங்கி, நடுவில் ஒரு மோட்டார். கரண்ட் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. வாங்கும்போது இதை யார் யோசிக்கிறார்கள்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது விளங்கியது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. லிப்ட் நின்றுவிட்டது. முழங்கால் வருத்தக்காரியான அம்மா ஐந்து வாரம் கீழே இறங்கவில்லை. நானும் தம்பியும் கீழ்த்தாங்கியில் வாளியால் அள்ளி, 54 படி ஏறினோம். எண்ணிக்கை இன்னும் மனப்பாடம்.

அடுத்தது நிர்வாகம். 1973ஆம் ஆண்டுத் தொடர்மாடிச் சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் லிப்ட், கூரை, தாங்கி போன்ற பொதுவானவற்றைப் பார்க்கவேண்டும். எங்களுடையது முதல் நான்கு வருடம் கடதாசியில் மட்டும் இருந்தது. 18 வீட்டில் ஏழு வீட்டுக்காரர் வெளிநாட்டில். பராமரிப்புக் காசு வராது. மொட்டைமாடி ஒழுகி மேல்வீட்டுக்காரரின் மெத்தை நனைந்த பிறகுதான் ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் கொப்பியும் பேனையுமாகக் கதவு கதவாகத் தட்டினார். பிடிவாதமான மனிதர், லண்டனில் இருப்பவருக்கு நடு இரவில் கோல் எடுத்துக்கூட வாங்கியிருக்கிறார். மாதம் 3,000 ரூபாயில் தொடங்கியது இப்போது 9,500. எனக்கு அதில் வருத்தமில்லை. லிப்ட் ஓடுகிறது, தாங்கி கழுவுகிறார்கள். அந்தக் கொப்பியை யார் கேட்டாலும் காட்டுவார். வாங்க வருகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள், யார் எவ்வளவு பாக்கி என்பது எல்லாம் அதில் இருக்கிறது.

நாங்கள் வத்தளையில் நிலத்தோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம், அம்மாவின் முழங்காலுக்காக. அவவுக்கு அரைமனசு. அங்கே போனால் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தப் பஸ் பிடிக்கவேண்டும் என்பது அவவின் கவலை. சிவன் கோயிலுக்கு வெள்ளி, அந்தோனியாருக்குச் செவ்வாய் என்பது இங்கே பல வீடுகளில் உள்ள வழக்கம்தான்.

பார்க்க வருவதானால் நீங்களும் செவ்வாய் மாலையில் வாருங்கள். சனமும் ஓட்டோவும் இந்தப் பக்கம் அன்றைக்குத்தான் அதிகம். லிப்டை விட்டுப் படியால் ஏறி வாருங்கள், பாதி வழியில் யன்னல் இருக்கிறது, நின்று மூச்சு வாங்கலாம்.