லாட்வியா: இணக்கமா, முழக்கமா?

பால்டிக் நாடான லாட்வியாவின் ரஷ்ய மொழி பேசுவோர் முன் இரண்டு கட்சிகள் இருந்தன. 'இணக்கம்' எனப் பொருள்படும் சஸ்கானியா, சமூக ஜனநாயகம் பேசி லாட்வியர்களையும் அரவணைக்கப் பார்த்தது. 2011, 2014, 2018 தேர்தல்களில் அதுவே முதலிடம். ஆனால் மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து அதை ஆட்சிக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். தலைநகர் ரீகாவின் மாநகராட்சி மட்டும் வாய்த்தது. அக்கட்சியின் நீல்ஸ் உஷாகோவ்ஸ் 2009 முதல் 2019 வரை மேயர்.

இன்னொரு கட்சியான லாட்வியா ரஷ்யர் ஒன்றியத்துக்கு இந்த நெளிவுசுளிவெல்லாம் கிடையாது. மொழியுரிமை, ரஷ்யப் பள்ளிகள், சோவியத் காலத்தில் குடியேறி, பின்னர் குடியுரிமை பெறாமல் வாக்குரிமையற்றிருக்கும் 'குடிமக்கள் அல்லாதோர்' என்று நேரடியாகவே பேசியது. அதன் தலைவர்களில் ஒருவரான தத்யானா ஜ்தானோகா ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை போனார்.

2022இல் உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைச் சஸ்கானியா கண்டித்தது. அதன் பழைய வாக்காளர்களில் பலருக்கு அது கசந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் இரு கட்சிகளுமே நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையான 5 சதவீத வாக்கு வரம்பைத் தாண்டவில்லை. அதே வாக்காளர்களை நாடிப் புதிதாக வந்த 'ஸ்தபிலிதாதெய்' ('நிலைத்தன்மைக்காக') என்ற கட்சி 11 இடங்களைத் தட்டிச் சென்றது.