மேகக் குறியைத் தொடாதவரை நல்ல ஆப்

போனில் வீடியோ வெட்டுகிற ஆப் ஒன்றின் வருடச் சந்தா பாதி விலைக்கு இறங்கியதிலிருந்து, கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கல்யாண வீடியோ வெட்டுகிற பெடியளிடம் ஒரே கேள்விதான்: "அண்ணை, எடுக்கலாமா?" ஆப்பின் பெயர் வேண்டாம். தள்ளுபடியைப் பார்த்தவர்களுக்கு எது என்று விளங்கும்.

இரண்டு வருடமாகப் பாவிக்கிற சாமான். வெட்டுவதிலும் நிறம் திருத்துவதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனில் எடுத்த வீடியோவின் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, ஒரே சீராக இருக்காது. அதனால் நீண்ட கிளிப்பில் ஐயரின் வாய் ஒரு பக்கம், மந்திரம் இன்னொரு பக்கம் என்று விலகிப் போவது பல ஆப்களில் உள்ள சீக்கு. இதில் 40 நிமிடம் ஓடினாலும் விலகாது. அந்த ஒன்றுக்கே காசு கொடுக்கலாம்.

கரைச்சல் எல்லாம் இம்போர்ட் பக்கத்தில் இருக்கிற அந்த மேகக் குறியில்தான்.

முன்பு அதைத் தட்டினால் கூகுள் போட்டோஸில் உள்ள முழு ஆல்பமும் ஆப்புக்குள்ளேயே விரியும். 2025 மார்ச் 31க்குப் பிறகு வெளி ஆப்களுக்கு அந்த அனுமதி இல்லை. கூகுளின் தெரிவுப் பக்கம் திறக்கும், நாமே ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொடுக்க வேண்டும். அந்தரங்கத்துக்கு அது நல்லதுதான், அதில் எனக்குக் கோபமில்லை. தெரிவு செய்த பிறகு ஆப் செய்கிற வேலையில்தான் கோபம்.

தெரிவு செய்த ஒவ்வொரு கிளிப்புக்கும் கூகுள் தருகிற இணைப்பின் (லிங்க்) ஆயுள் 60 நிமிடம். ஆப் எல்லாவற்றையும் வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக இழுக்கிறது. ஒரு சாமத்திய வீட்டுக்கு 6 ஜிபி என்று வைத்தால், 10 எம்பிபிஎஸ் லைனில் 80 நிமிடம் பிடிக்கும். கடைசி 20 நிமிடத்துக்குரிய கிளிப்களின் இணைப்பு அதற்குள் செத்துவிடும். புது இணைப்பு கேட்டு வாங்குவது ஆப்பின் கடமை. இது கேட்பதில்லை, வட்டத்தைச் சுற்றவிட்டுக் கொண்டிருக்கிறது. போன் திரை அணைந்தாலும் இழுவை நின்றுவிடும்.

அடுத்தது தரம். அந்த வழியால் வருகிற வீடியோ மூல ஃபைல் அல்ல, கூகுள் மறுபடி என்கோட் செய்த, அதாவது திரும்பச் சுருக்கிய, பிரதி. சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. கூறைச் சேலையின் சரிகையை 200 சதவீதம் பெருப்பித்துப் பாருங்கள்: மூலத்தில் இழை இழையாக இருப்பது, பிரதியில் சதுரம் சதுரமாகக் கரைந்து கிடக்கும். ஃபைலின் பருமனையும் ஒருக்கா ஒப்பிடுங்கள். ஐபோனில் 4கே, 30 ஃபிரேம், எச்இவிசி (ஐபோன் வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறை) என்றால் நிமிடத்துக்கு 170 எம்பி அளவில் வர வேண்டும். அதற்குக் கிட்டவும் வரவில்லையென்றால் கையில் இருப்பது பிரதிதான்.

இதையும் மினக்கெட்டு இறக்கிய பிறகு ஆப் அதைத் தன் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில்தான் வைக்கிறது. போனில் இடம் காணாமல் கேஷை அழித்தால், கிளிப்களை அடுக்கிய டைம்லைன் முழுக்க, கிளிப்புக்குப் பதில் சிவப்புக் கட்டங்கள்.

ஆகவே அந்தக் குறியை மறந்துவிடுங்கள். கணினி பிரவுசரில் கூகுள் போட்டோஸைத் திறந்து, கிளிப்களைத் தெரிவு செய்து கீபோர்டில் ஷிஃப்ட்டையும் D எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஸிப்பாக இறங்கும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் தெரிவு செய்யாமல் பத்துப் பத்தாக எடுங்கள், லைன் அறுந்தால் பத்தோடு போகும். இரவு 12க்குப் பிறகு தனி டேட்டா தருகிற பெக்கேஜ் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்துக்கு விடலாம். ஸிப்பை விரித்து, போனுக்கு மாற்றி, பிறகு இடம் மாற்றாத ஒரு ஃபோல்டரில் போட்டு, அங்கிருந்து ஆப்புக்குள் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஃபைல்களின் பெயரை மாற்றுவது முக்கியம். மாமாவின் ஐபோனிலும் சித்தியின் ஐபோனிலும் ஒரே ஐஎம்ஜி இலக்கம் (போன் தானாக இடுகிற ஃபைல் பெயர்) இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து இணைக்கிற ஆப், தாலி கட்டுகிற இடத்தில் சாப்பாட்டுப் பந்தியைக் கொண்டுவந்து வைக்கும். முன்னால் "மாமா", "சித்தி" என்று சேர்த்தால் போதும்.

டொரொண்டோ, லண்டன் சொந்தங்களிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். அவர்களின் போனில் பேக்கப் 'ஸ்டோரேஜ் சேவர்' என்று இருந்தால் 4கே வீடியோ 1080பியாகச் சுருங்கித்தான் மேலே ஏறும். பிறகு எந்த வழியால் இறக்கியும் பயனில்லை. கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள், அது ஃபைலைத் தொடாது. ஆனால் இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது என்பதால், "இடமில்லை" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எடுக்கலாமா? மெமரி கார்டில் படம் வருகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு, இத்தனை புகழ்ந்த பிறகும், பாதி விலைக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். மேகக் குறியால் 43 கிளிப் தெரிவு செய்து விட்டால், விடியும்போது "முடிந்தது" என்று பச்சையாகக் காட்டும். எண்ணிப் பார்த்தால் 41 இருக்கும். எந்த இரண்டு வரவில்லை என்று ஆப் எங்கேயும் சொல்லாது.