பெரோன் தீபகற்பத்தின் மணல் பாதைகளில் கேம்பர் வண்டி: ஒரு மதிப்பீடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியிலுள்ள பிரான்சுவா பெரோன் தேசியப் பூங்காவுக்குச் செல்வதற்காக, படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் பொருத்தப்பட்ட ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் ஒன்றை பெர்த் நகரில் வாடகைக்கு எடுத்தோம். டென்ஹாம் ஊர் வரையிலான எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தார்ச்சாலையில் வண்டியைப் பற்றிக் குறை கூற ஏதுமில்லை. பக்கவாட்டில் காற்று வீசும்போது அதன் உயரம் சற்றே அலைக்கழித்தது, அவ்வளவுதான்.

உண்மையான சோதனை, பூங்காவின் பழைய பண்ணை வீட்டைத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. அதுவரை சாதாரணக் கார்களும் வரலாம். அதற்கு அப்பால் ஆழமான செம்மணல் என்பதால், டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்த பின்னரே செல்ல வேண்டும். திரும்பும்போது மீண்டும் காற்று நிரப்பிக்கொள்ளும் வசதியை அங்கேயே செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வாடகை நிறுவனமோ காற்றழுத்தமானியையும் மண்வாரியையும் தனிக் கட்டணத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. மணலில் ஓட்டுவதற்கென்றே விளம்பரப்படுத்தப்படும் வண்டிக்கு இது பொருந்தாத கஞ்சத்தனம். பாதையோரம் தென்படும் பிர்ரிடா எனப்படும் ஜிப்சம் படுகைகள் மேலே இறுகிக் காய்ந்தவைபோல் தோன்றினாலும் அடியில் சேறாக இருப்பதால், இத்தனை எடையுள்ள வண்டியைத் தடத்தைவிட்டு ஓரடிகூட விலக்கக் கூடாது.

பிக் லகூன், கிரிகரீஸ், பாட்டில் பே ஆகிய முகாம்களில் கழிப்பறையும் எரிவாயு அடுப்பும் உண்டு. குடிநீர் கிடையாது, விறகு மூட்டவும் அனுமதியில்லை. ஆகவே வண்டியின் தண்ணீர்த் தொட்டிதான் நாங்கள் கொடுத்த வாடகைக்கு முழு நியாயம் செய்தது. செங்குன்றும் வெண்மணலும் நீலக்கடலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அந்தக் கரையில், கதவைத் திறந்த இடத்திலேயே சமைத்து உண்பது பெரும் சுகம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இவ்வகை வண்டியின் அடிப்படைக் குறை அங்கேதான் புலப்படுகிறது. கடலில் திருக்கைகளையும் சுறாக்களையும் மேலிருந்தே பார்க்கக்கூடிய ஸ்கிப்ஜாக் முனைக்குச் செல்ல வேண்டுமென்றால், விரித்த கூரையை மடக்கி, பாத்திரங்களைக் கட்டி, வீடு முழுவதையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கூடாரம் அடித்துத் தங்கியிருந்த பக்கத்துக் குடும்பத்தினரோ, அதை அப்படியே விட்டுவிட்டு இலகுவான வண்டியில் போய் வந்தார்கள்.

பல ஊர்களைத் தொட்டபடி நெடுந்தொலைவு செல்பவர்களுக்கு இந்தக் கேம்பரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரோனில் மட்டும் தங்கப் போகிறவர்களுக்குச் சாதாரண ஃபோர் வீல் டிரைவும் நல்ல கூடாரமுமே போதும். எதை எடுத்தாலும், பூங்காவின் மணல் பாதைகளுக்குக் காப்பீடு செல்லுபடியாகுமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.