ஆறு ஆண்டு, ஏழு நாண்

"ஆறு வருஷமா வச்சிருக்கியே, அதே மாடலை நானும் வாங்கலாமா?" என்று நண்பன் போனில் கேட்டான். அப்போதுதான் விசையை அழுத்திக் கணை விடும், நுனிகள் முன்னோக்கி வளைந்த என் ரீகர்வ் குறுக்குவில்லுக்கு ஏழாவது நாணை மாட்டிவிட்டு, வலது கட்டைவிரலை ஐஸ் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆறு ஆண்டு கூட இருந்த பொருளை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டது அப்புறம் உறுத்தியது. அதனால்தான் இது.

வேகம், எடை, இழுவிசை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. குறியில் ஒரு குறையும் இல்லை. விசை ஒருநாளும் தகராறு செய்ததில்லை. வில்லின் கைகளில், அதாவது இரு பக்கமும் வளையும் பாகங்களில், ஒரு விரிசல் கிடையாது. என் வழக்கெல்லாம் நாணோடுதான்.

இந்த முறை தப்பு என்னுடையது. வேட்டை முனை மாட்டிய கணையை அம்பறாத்தூணியில் செருகும்போது அலகு நாணை உரசிவிட்டது. இரண்டு இழை அறுந்து முடி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை இழையில் இரண்டுதானே என்று விட்டுவிட முடியாது. என் நாண் ஒரே நூலைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கட்டியது. ஓரிடத்தில் அறுந்தால் மற்ற இழைகளின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. 200 பவுண்ட், அதாவது சுமார் 90 கிலோ இழுவிசையில் பூட்டி நிற்கும்போது நாண் அறுந்தால், கணைக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுக்க வில்லின் கைகளிலேயே இறங்கும். கணையில்லாமல் வெறுமனே சுடுவதும் அதுவும் ஒன்றுதான். வில்லின் கை பிளந்தால் தெறித்து வருவது முகத்துக்குத்தான்.

சரி, மாற்றும் கதைக்கு வருகிறேன். கூட ஒரு துணை நாண் கொடுத்திருக்கிறார்கள். அசல் நாணைவிட நீளம். அதன் காதுகளை, அதாவது இரு முனையிலும் உள்ள வளையங்களை, வில்லின் நுனியில் அதற்கென்று வெட்டியிருக்கும் குதைகளில் மாட்ட வேண்டும். முன்னால் உள்ள கால்வளையத்தை மிதித்துக்கொண்டு, இழுகயிற்றால் அந்தத் துணை நாணை, நாணைப் பிடித்து நிறுத்தும் விசைக்கொக்கி வரை இழுத்துப் பூட்ட வேண்டும். வில்லின் கைகள் உள்ளே வளையும், அசல் நாண் தொளதொளவென்று தொங்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, துணை நாணை மெல்ல இறக்கிவிட்டால் பாரம் புதிய நாணுக்கு மாறிவிடும். யோசித்தவரைக் கும்பிடலாம். யோசனை புதிதும் இல்லை. எஃகு வில் பூட்டிய பழைய ஐரோப்பியக் குறுக்குவில்களுக்கும் இப்படித்தான் நீளமான தற்காலிக நாண் ஒன்றைப் போட்டு வளைத்து, அசல் நாணை ஏற்றினார்கள்.

கையேட்டில் இதற்கு ஐந்து படம். ஐந்திலும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே இருக்கிறார். முதல் காது எனக்கும் சிரித்துக்கொண்டே ஏறிவிடும். இரண்டாவது காதுதான் எமன். புது நாணின் காதில் சுற்றியிருக்கும் நூல் விறைப்பாக இருக்கும். துணை நாணின் காதைத் தாண்டித்தான் அது தன் குதைக்குப் போக வேண்டும். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நகம் வெளுத்துப் போகும். ஏறிவிட்டது என்று நினைத்தால் ஒரு பக்கம் குதையில் உட்காராமல் புரண்டிருக்கும். அதைப் பார்க்காமல் இறக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று கையேடு சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இழுகயிற்றின் இரண்டு பிடியையும் நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தம்பி பாதுகாப்புப் பூட்டை விலக்கி விசையை அழுத்துவான். "அண்ணே, விடவா?" என்று மூன்று தடவை கேட்பான். மூன்றாவது தடவைதான் நான் பதில் சொல்வேன். துணை நாண் நீளம் என்பதால் முழு இழுவிசை கையில் ஏறாது என்பது உண்மை. ஆனாலும் கயிறு நழுவினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும், அதனால் பேச்சே இருக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பிரேஸ் ஹைட். நாண் ஓய்வாக நிற்கும்போது வில்லின் கழுத்துக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி அது. நாணைக் கூடுதலாக முறுக்கினால் நாண் குட்டையாகி இடைவெளி கூடும், கணையைத் தள்ளும் தூரம் குறையும். முறுக்கைத் தளர்த்தினால் நேர்மாறு. அளவு தப்பினால் வேகமும் சத்தமும் மாறும். என் வில்லில் குறியும் இடம் மாறிவிடுகிறது. அளவு பார்க்க வேண்டுமென்றால் நாணை ஏற்ற வேண்டும். திருத்த வேண்டுமென்றால் இறக்க வேண்டும். எத்தனை முறுக்கு என்பது ஏற்றின பிறகுதான் தெரியும், ஏற்றின பிறகு முறுக்க முடியாது! இதை வடிவமைத்த புண்ணியவான் தன் வீட்டில் ஒரு நாணாவது மாற்றியிருப்பாரா? அதே கம்பெனி, அதே உறை, அதே எண்; நீளம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு. நேற்று மூன்று தடவை ஏற்றி இறக்கினோம். மூன்றாவது தடவை தம்பி கேட்காமலேயே விசையில் கை வைத்துவிட்டான், திட்டு வாங்கினான்.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். காம்பவுண்ட் குறுக்குவில் வைத்திருக்கும் இன்னொரு நண்பனுக்கு இந்தச் சுதந்திரமே இல்லை. அதில் உருளைகளும் கேபிள்களும் இருப்பதால் கைகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் நாணைத் தொடவே கூடாது. வில்லைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பான். நான் ஒரு மாலைப்பொழுதையும் ஒரு கட்டைவிரலையும்தான் இழக்கிறேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஏழு நாண் ஆனதில் பாதிப் பழி எனக்கு. மெழுகு பூச வேண்டியது இழைகளுக்கு. நடுவில் நூல் சுற்றிய பகுதிக்கும் அது உரசி ஓடும் தடத்துக்கும் தனி எண்ணெய் ஒரு சொட்டு போதும். நான் மூன்றாம் ஆண்டில் தாராளமாக ஊற்றி, அது விசைப்பெட்டிக்குள் வழிந்து தூசியோடு கெட்டியாகி, துடைத்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எண்ணெயே போடாமல் நடுச்சுற்று அடிப்பக்கம் தேய்ந்து பிரிந்ததும் உண்டு.

புது நாண் ஏறிய பிறகு எனக்குப் பிடித்த ஒரு வேலை இருக்கிறது. நாண் ஓய்வில் இருக்கும்போதே தடத்தின் இரு ஓரத்தையும் ஒட்டி வெள்ளை மார்க்கரால் ஒவ்வொரு கோடு போடுவேன். இழுத்துப் பூட்டும்போது அந்த இரண்டு கோடும் தடத்துக்கு இரு பக்கமும் சமமாக வந்து நிற்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே கணை இடமோ வலமோ போவது இலக்கில் தெரியும். கோடு சரியாக நின்று, முதல் கணை போகும்போது அந்த நாணொலி இருக்கிறதே, பழைய நாணின் சொத்தைச் சத்தம் போய், சுருக்கமாக, கனமாக ஒரே ஒரு 'தொம்'. நேற்று ராத்திரி அதைக் கேட்டதும் விரல் வலி மறந்துவிட்டது. காலையில் நண்பனைக் கூப்பிட்டு, "கோபத்தில் சொன்னேன், தாராளமாக வாங்கு" என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் பன்னிரண்டு கணை விட்டேன். கடைசி மூன்றும் கொஞ்சம் தாழ்ந்து விழுந்தன. அளந்தேன். நாண் நீண்டிருக்கிறது, பிரேஸ் ஹைட் 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. புது நாண் முதல் சில கணைகளில் நீளத்தான் செய்யும், எனக்கும் தெரியும். முன்கூட்டியே இழுத்துப் பதப்படுத்தி அனுப்பினால் அந்தக் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

வாங்காதே. போனில் சொன்னது சொன்னதுதான். தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை இரண்டாவது காதை அவன் தள்ளட்டும்.