மூன்று வருடக் கடல்நீர்த் தொட்டி: எறாவில் தொடங்கிய கதை

என் கடல்நீர்த் தொட்டிக்கு மூன்று வயதாகிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதே உயரம். கல், மணல் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

தொடக்கமே சொதப்பல். சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு கடைக்காரர், "இந்த பாக்டீரியா பாட்டிலை ஊத்துங்க சார், மறுநாளே மீன் விடலாம்" என்றார். நம்பி இரண்டு க்ளவுன் மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நன்னீர்த் தொட்டியில் இந்த அளவை மீன்கள் தாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடல்நீரின் பிஎச் (அமில-கார அளவு) 8.2 பக்கம், அங்கே அதே அம்மோனியாவில் விஷமான பங்கு மிக அதிகம். ஒன்று செத்துப்போனது, மற்றதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பாட்டில் எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அந்தக் கடையில் அதை வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை மீன் இல்லாமலே தொட்டியை 'சைக்கிள்' செய்தேன், அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியாவை முதலில் வளரவிட்டேன். உரிக்காத எறா ஒன்றைத் துணியில் முடிந்து போட்டேன். "குழம்புல போட வேண்டியதைத் தண்ணியில நாற வைக்கிறியே" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினார். எறா அழுகினால் அம்மோனியா. அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். என்னிடம் இருந்தது காய்ந்த கல். பாக்டீரியாவோடு வரும் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கல்லோடு பாக்டீரியா எதுவும் வராததால் எல்லாம் பூஜ்யத்திலிருந்துதான். மூன்றாம் வாரம் அம்மோனியா இறங்கியது. நைட்ரைட் மட்டும் அசையவில்லை. சோதனைக் குழாயில் தினமும் நாவற்பழச் சாறு மாதிரி ஊதா. 38ஆம் நாள் காலையில் வெளிர் நீலம், அதாவது நைட்ரைட் பூஜ்யம். அப்புறம் மணல் முழுக்கப் பழுப்புப் பாசி படிந்து பயமுறுத்தியது. அது டையாட்டம் என்ற நுண்பாசி; மூன்று வாரத்தில் தானாகப் போய்விட்டது.

"மெரினா பக்கத்துலதானே, ஒரு குடம் மொண்டு வந்தா போதாதா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரை நான் தொட்டியில் ஊற்றமாட்டேன். ஆர்ஓ தண்ணீரில் உப்புப் பொடி கரைப்பதுதான்.

சைக்கிள் முடிந்த பிறகு என்னைப் படுத்தியது வெயில். மே மாதம் மின்விசிறி வைத்தும் தொட்டி 31 டிகிரி. தினமும் மூன்று லிட்டர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அது புரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். உப்பின் அளவைப் பார்க்கும், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் கடல்நீருக்குச் சரியான 1.025 என்றே காட்டியது. அதைவிடத் துல்லியமான ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிப் பார்த்தால் 1.029! இரண்டாம் வருடம் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கினேன். கரண்ட் பில் வலிக்கிறது, ஆனாலும் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது அதுதான்.

இப்போது இரண்டு க்ளவுன், ஒரு கோபி மீன், நத்தைகள். இன்று நைட்ரேட் 20 காட்டியது. வாளியில் 20 லிட்டருக்கு 720 கிராம் உப்பு போட்டு பம்ப் ஓடுகிறது. நாளை காலை தொட்டியில் அவ்வளவு தண்ணீரை மாற்ற வேண்டும்.