கடலும் நிலமுமா, உண்மையும் இலட்சியமுமா?

போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் வீடியோ கேம் வரிசையில், எதிரெதிர் சக்திகள் மோதும் கதைகளில் எனக்கு நெருக்கமானவை இரண்டு: 2002இல் வந்த ரூபி–சஃபையர், 2010இல் வந்த பிளாக்–ஒயிட்.

ரூபியில் மாக்மா கும்பல், உறங்கும் குரௌடான் என்ற போக்கிமானை எழுப்பி நிலத்தைப் பெருக்கப் பார்க்கிறது. சஃபையரில் அக்வா கும்பலுக்கு, கையோகர் என்ற போக்கிமானும் கடலும். ஒன்று விழித்தால் சுட்டெரிக்கும் வெயில், மற்றது விழித்தால் விடாத மழை. குளச்சல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் அலை மோதித் தெறிக்கும். சன்னல் கம்பியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். வீட்டை அரிக்கிற அதே கடல்தான் சோறும் போடுகிறது. அதனால் கையோகரை என்னால் வெறுக்க முடிந்ததே இல்லை.

பிளாக்–ஒயிட்டில் மோதல் மனசுக்குள். ரெஷிராம் உண்மையின் பக்கம், செக்ரோம் இலட்சியத்தின் பக்கம். ஒரே டிராகனாக இருந்தவை, அண்ணன் தம்பி சண்டையில் பிரிந்தவை. எதிராளியாக வரும் இளைஞனும் கெட்டவன் இல்லை. போக்கிமான்களை மனிதர்களிடமிருந்து விடுவிக்க வேண்டும் என்று மனதார நம்புகிறவன்.

கதையின் ஆழம் என்றால் பிளாக்–ஒயிட்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நம்மூர்ப் பிள்ளைகள் கேட்டால், முதலில் சஃபையரைத்தான் கையில் கொடுப்பேன்.